திருநீற்றுக்குக் கீழே கறுத்த தோல்

இதைச் சட்டை போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். தொடையிலிருந்து எடுத்து என் இடது மார்பிலும் விலாவிலும் ஒட்டிய தோல், துணி பட்டால் இன்னமும் அரிக்கிறது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "காத்தாடிய வேகமா வைக்கட்டாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஒரு காலத்தில் இதே வீட்டில், குளியலறையிலிருந்து என் அறை வரைக்கும் உள்ள சின்ன இடைவெளியைக்கூடத் துண்டைத் தோளில் சுற்றிக்கொண்டுதான் கடப்பேன்.

என்னைப் போல மார்பை மறைத்து நடக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களை எனக்குத் தெரியும். தோளை முன்னுக்குச் சுருட்டி நடப்பீர்கள். பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொள்வீர்கள். கூட்டாளிகள் ஆற்றுக்குக் குளிக்கக் கூப்பிட்டால் அன்றைக்கு உங்களுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

பதின்ம வயதில் சில பையன்களுக்கு மார்புக்காம்புக்கு அடியில் சுரப்பி தடித்துக்கொள்ளும். பெரும்பாலும் தானாக வற்றிவிடும். சிலருக்கு வற்றாது, அதன்மேல் கொழுப்பும் சேரும். உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. ஆனால் இடைநிலைப்பள்ளியில் உடற்பயிற்சிப் பாடத்துக்கு உடை மாற்றும்போது, "டேய் லோகா, உனக்கு எந்தக் கடையில பிராவுக்கு அளவு எடுக்கிறாங்க லா?" என்று ஒருவன் கேட்டு வகுப்பே சிரித்துவிட்டால், அது நோயைவிடப் பெரிதாகிவிடும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரைக்கும் போன முதல் ஆள் நான். அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். முதலாளிகள் தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டிய பிறகு ஈப்போ புந்தோங்குக்கு வந்து ஜாகா வேலைக்குப் போனார். இன்றும் ஒரு கிடங்கில் இரவுக்காவல். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். நான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த வருடம் அம்மா என்னைக் கேட்காமலே முருகனிடம் வேண்டிக்கொண்டார்: "என் பிள்ளை படிச்சு வேலைக்குப் போயிட்டா ஒனக்குக் காவடி எடுப்பான்."

படித்தேன். கமுந்திங்கில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலையும் கிடைத்தது. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. ஆனால் காவடி எடுக்கவில்லை. காவடி எடுப்பவன் இடுப்புக்கு மேலே ஒன்றும் உடுத்த முடியாது. புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோவில் வரைக்கும், ஈப்போவே இரண்டு பக்கமும் நின்று பார்க்கும் சாலையில், திறந்த மார்போடு நடக்க வேண்டும்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒரு சாக்குச் சொன்னேன். தொழிற்சாலையில் விடுமுறை இல்லை என்றேன். முழங்கால் வலி என்றேன். அம்மா கோபப்படவில்லை. பயந்தார். "வேண்டுதல வெச்சுக்கிட்டே இருக்கக் கூடாதுய்யா. அது நல்லதில்ல" என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் சொன்னார்.

அக்கா கவிதாவின் கணவர் ரவி லாரி ஓட்டுகிறவர். வருடா வருடம் முதுகில் கொக்கி மாட்டி, கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுப்பவர். "மச்சான், இந்த வருசம் நீ வார. என் குழுவுல ஒனக்கு எடம் போட்டாச்சு. ஒளிஞ்சேன்னா தூக்கிட்டு வந்துருவேன்" என்றார். சிரித்துத் தலையாட்டினேன். அன்றைக்கே கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சையைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

முதலில் சரியான இடத்துக்குத்தான் போனேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒட்டறுவை, அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி, நிபுணர் ஒருவர். நரைத்த தலை, மெல்லிய பேச்சு. என் மார்பை அழுத்திப் பார்த்து, "பாதி கொழுப்பு, பாதி சுரப்பி. உறிஞ்சினால் மட்டும் போகாது" என்றார். ரத்தப் பரிசோதனை வேண்டும், ஹார்மோன் பார்க்க வேண்டும், குடும்பத்தில் யாருக்காவது மயக்கமருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று தெரிய வேண்டும் என்றார். பிறகு வாரக்கணக்கில் இறுக்கமான மேலுடை அணிய வேண்டும். தைப்பூசத்துக்கு முன்னால் முடியாது, கொக்கி குத்துவதை நினைத்தும் பார்க்கக் கூடாது என்றார்.

"முடியாது" என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அந்த மனிதர் என்னைக் காப்பாற்றத்தான் மறுத்தார் என்று புரிவதற்கு நான் பல தடவை கத்திக்குப் போய்வர வேண்டியிருந்தது.

கைப்பேசியில் ஒரு அழகு நிலையத்தின் விளம்பரம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்த நிலையம் கடைவீடு ஒன்றின் மாடியில், கீழே குமிழித் தேநீர்க் கடை. 'மதிய உணவு நேரத்தில் முடியும். அன்றே வீடு திரும்பலாம்.' நேரில் போனேன். வாசனை மெழுகுவத்தி, வெள்ளைச் சோபா, சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். எங்கள் வீட்டில் என் பட்டச் சான்றிதழைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி அதற்கும் ஊதுவத்தி காட்டுகிறவர் என் அம்மா. சட்டத்துக்குள் இருக்கும் தாளை நம்பித்தான் நான் வளர்ந்தேன். அந்தத் தாள்களில் இருந்தவை ஏதோ வெளிநாட்டு நகரத்தில் வாரக்கடைசி வகுப்புக்குப் போனதற்கான சான்றுகள். வாசித்தேன். வாசித்தும் மனம் மற்றதைத்தான் பார்த்தது: தங்கநிற முத்திரை, பெயருக்கு முன்னால் 'டாக்டர்'.

"தைப்பூசத்துக்கு ஆவுமா?" என்று கேட்டேன்.

"தாராளமா ஆவும் தம்பி" என்றார் அவர். வெள்ளை அங்கி, வாசனைத் திரவியம், பளபளக்கும் பல்வரிசை. "ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டி ஓட்டை. நீங்க காவடிக்குக் குத்திக்கிறத விடச் சின்னது லா."

அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். ரவி மச்சான் முதுகில் அத்தனை கொக்கி குத்தியும் ரத்தம் கண்டதில்லை. மலையடியில் கொக்கிகளைக் கழற்றி, திருநீற்றை அப்பிவிட்டால், மறுவாரம் தழும்புகூடத் தெரியாது. குத்தினால் ஆறும். நாங்கள் கண்ணால் பார்த்து வளர்ந்தது அது. விரதம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்த அறையில் மயக்கமருந்து நிபுணர் என்று தனியாக யாரும் இல்லை. உயிர்வாயு உருளை எதுவும் என் கண்ணில் படவில்லை. முன்மேசையில் பணம் வாங்கிய அதே பெண்தான் துணைக்கு நின்றாள். உப்புநீரில் மரப்புமருந்தைக் கலந்து மார்புக்குள் ஏற்றுவார்கள்; கொழுப்பு ஊறித் தளரும், வலி தெரியாது. அந்த மருந்துக்கு உடல் எடையைப் பார்த்து அளவு வைக்க வேண்டும். மீறினால் காது இரையும், நாக்கு மரக்கும், வாயில் உலோகச் சுவை வரும். அதற்கு மேலும் போனால் வலிப்பு வந்து இதயம் நின்றுவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அவர் என் எடையைக் கேட்கவே இல்லை. என் காதில் வண்டு பறப்பது போல இரைந்தது. வாயில் பழைய காசைச் சப்பிய ருசி.

"டாக்டர், காது ஒரு மாதிரி இருக்கு."

"நார்மல் லா தம்பி. ரிலேக்ஸ்."

வலது பக்கம் முடிந்தது. அந்த நேரம் அவருடைய கைப்பேசி அடித்தது. கையுறை போட்ட கையாலேயே எடுத்து, சன்னல் பக்கம் போய், யாரிடமோ மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். திரும்பி வந்து அதே கையோடு என் இடது பக்கம் குழாயைச் செருகினார்.

அவை மேசைமேல் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து உருவிய கையுறைகள். அறுவை சிகிச்சைக் கையுறை அப்படி வராது. ஜோடி ஜோடியாக, அளவு எண்ணோடு, கிருமி நீக்கி முத்திரையிட்ட உறையில் வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுச் சொல்வேன். எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். அந்தக் கணம் பார்த்தேன். தெரிந்தது. ஆனால் ஒரு அந்நியப் பெண் பார்க்க மார்பைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தேன். பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வலித்தது. அது வலிக்கத்தான் செய்யும் என்று இருந்தேன். திங்கட்கிழமை காய்ச்சலும் நடுக்கமும். வலது பக்கம் ஆறிக்கொண்டு வந்தது. இடது பக்கம் மட்டும் போர்வை உரசினாலே பல்லைக் கடிக்க வைத்தது. பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, லேசான சிவப்புதான். இதை நினைவில் வையுங்கள்: கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவுக்கு வலி இருந்தால், அது அபாய மணி. நிலையத்துக்கு அழைத்தேன். "வீக்கம் இருக்கும், வலி மாத்திரை போடுங்க" என்றாள் அந்தப் பெண். அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அம்மா விரதம் தொடங்கப்போகும் மும்முரத்தில் வீடு முழுக்கக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ரவி மச்சானை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கினேன்.

"என்னா மச்சான் இது? யாரு குத்துனா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "இதுக்கா மூணு வருசமா ஓடி ஒளிஞ்ச? எங்கிட்ட சொல்லியிருந்தா சந்தனத்த அப்பி மறைச்சிருப்பேனே லா" என்றார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்து, "இத்துனூண்டு ஓட்டைதான். எனக்கு எத்தன குத்தியிருப்பாங்க. இரு, வாரேன்" என்று போய், காவடிப் பெட்டியில் வைத்திருந்த கோவில் திருநீற்றை எடுத்து வந்தார். ஓட்டைகளின் மேல் அழுத்தி அடைத்து, சிவந்திருந்த இடம் முழுக்கத் தடவினார். கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே தடவினார். அந்தக் கையில் இருந்த அக்கறையை இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியாது. தடவியதும் குளிர்ச்சியாக இருந்தது. சாயங்காலம் மறுபடி தடவினார். மறுநாள் காலையிலும்.

செவ்வாய்க்கிழமை மதியம் வலி குறைந்தது. "பாத்தியா?" என்றார் மச்சான். எனக்கும் நிம்மதி. வலி ஏன் குறைந்தது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்த இடத்து நரம்புகள் செத்துக்கொண்டிருந்தன.

மாலையில் எழுந்து நின்றவன் சுருண்டு விழுந்தேன். அக்காதான் பிடித்தாள். என் உதடு நீலமாக இருந்ததாம்; யாரையும் கேட்காமல் ரவியின் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டாக்டர் ஃபரிடா என்ற அறுவை மருத்துவர் வந்தார். சின்ன உருவம், வேகமான நடை. என் மார்பைப் பார்த்ததும் மலாயில் கேட்டார்: "இந்த வெள்ளை என்ன? மாவா?"

"திருநீறு டாக்டர்" என்றார் ரவி மச்சான். "சாமி சாம்பல்."

டாக்டர் ஃபரிடா பஞ்சை உப்புநீரில் நனைத்து மெதுவாகத் துடைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பஞ்சு சாம்பல் நிறமாகி விழுந்தது. துடைக்கத் துடைக்கக் கீழே என் தோல் வெளியே வந்தது. கத்தரிக்காயின் நிறம். நடுவில் கறுப்பு. ஓரத்தில் நீர் கோத்த கொப்புளங்கள். மச்சான் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

டாக்டர் ஃபரிடா விரலால் அழுத்தினார். தோலுக்கு அடியில் பொரி நொறுங்குவது போல நறநறத்தது. பேனாவை எடுத்துச் சிவப்பின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டார். ரத்தம் எடுத்து, மருந்து ஏற்றி, அறுவை அறையை ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

அதன் பெயர் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ். தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு மெல்லிய உறை உண்டு. கிருமி அந்த உறை வழியாக ஓடும். போகிற வழியில் ரத்தக்குழாய்களை அடைக்கும். மேலே இருக்கும் தோல் ரத்தம் கிடைக்காமல் சாகும். மருந்து மட்டும் போதாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. செத்ததை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். "எவ்வளவு வெட்டுவோம் என்று திறந்த பிறகுதான் தெரியும்" என்றார். "இப்போதே வெட்டாவிட்டால் காலையில் நீ இருக்கமாட்டாய்." மலாயில் அதைச் சொன்னபோது அவர் குரல் மிகவும் மென்மையாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். ஈரக்கையோடு, வீடு கழுவிய சேலையோடு. பஞ்சில் இருந்த திருநீற்றையும் என் விலாவில் இருந்த ஓட்டைகளையும் பார்த்து, "யாருக்கும் சொல்லாம அலகு குத்திப் பாத்தியாடா? வெரதம் இல்லாம குத்துனா சும்மா விடுவாரா?" என்று வாயைப் பொத்தினார். "முருகா, தப்புதான். பிள்ள தெரியாம செஞ்சிட்டான்."

"சாமி இல்லம்மா. நானாத்தான் போயி செஞ்சுக்கிட்டேன். நெஞ்சுல கொழுப்பு எடுக்க."

"நெஞ்சுல?" அவருக்குப் புரியவில்லை. என் முகத்தையும் மார்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒன் நெஞ்சுக்கு என்னாய்யா?"

என் வாழ்நாளின் பாதியை எதை மறைக்கச் செலவழித்தேனோ, அதை என்னைப் பெற்றவள் ஒரு நாள்கூடக் குறையாகப் பார்த்ததில்லை. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்து என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன். ஒரு தடவை வெட்டி, மறுநாள் திறந்து பார்த்து, இன்னும் வெட்டி, மூன்றாம் தடவையும் வெட்டினார்களாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாய். சிறுநீரகம் ஓய்ந்துபோய் இயந்திரம் என் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. எனக்கு நினைவில் இருப்பது வெள்ளை விளக்கும், என் தொழிற்சாலையில் கையுறைகள் வரிசையாகத் தொங்கித் தண்ணீர் சொட்டும் காட்சியும்தான். எந்தக் கையுறையில் ஓட்டை என்று தேடிக்கொண்டே இருப்பேன். எல்லாவற்றிலும் இருக்கும்.

கண் விழித்தபோது அப்பா காவலாளிச் சீருடையோடு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து, பார்வையாளர் நேரம் வரைக்கும் கீழே காத்திருந்து, ஏறி வருவாராம். என்னிடம் அதிகம் பேசமாட்டார். என் கால்நகங்களை வெட்டிவிட்டார். அவர் யாருக்கும் நகம் வெட்டி நான் பார்த்ததில்லை.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகு பக்கத்துக் கட்டிலில் தாப்பா என்ற ஊரிலிருந்து வந்த பெருமாள் அண்ணன். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோயில் கால்விரல் போனவர். என் கதையைத் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நல்ல ஆளுய்யா நீ. நான் இந்த ஒடம்புல கொழுப்பு ஏறணும்னு எத்தன ஆடு தின்னுருக்கேன், நீ காசு குடுத்து உறிஞ்ச விட்டுட்டு வந்திருக்க" என்றார். சிரித்தேன். சிரித்தால் புண் இழுத்தது. "சிரிக்காத, சிரிக்காத, மிஸி என்னயத்தான் திட்டும்" என்றார். எங்கள் பக்கம் தாதியரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம்.

புண்ணுக்குள் பஞ்சு வைத்து மேலே நெகிழித்தாள் ஒட்டி, குழாய் வழியாக இயந்திரம் இடைவிடாமல் நீரை இழுத்துக்கொண்டிருந்தது. கட்டு மாற்றும் நாள்களில் காலையிலிருந்தே மிஸியின் தள்ளுவண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்பேன். அந்த வார்டிலேயே தைப்பூசம் வந்து போனது. அன்றைக்கு உறுமி மேளம் எங்கோ தூரத்தில் கேட்டதா, நானே நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. மதியம் ரவி மச்சான் வந்து நின்றார். முதுகில் ஒரு குத்துக்கூட இல்லை.

"எடுக்கலயா மச்சான்?"

"மனசு வரல."

டாக்டர் ஃபரிடா சுற்றுக்கு வந்தபோது அவர் எழுந்து நின்றார். ஆறடி ஆள், கையைக் கட்டிக்கொண்டு, உடைந்த மலாயில் கேட்டார்: "டாக்டர், என் சாம்பலாலயா இப்படி ஆச்சு?"

டாக்டர் ஃபரிடா நின்று பதில் சொன்னார். கிருமி பெரும்பாலும் குழாயோடு ஆழத்துக்குப் போயிருக்கும். எந்தக் கணத்தில் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கொக்கி தோலோடு நிற்கிறது. இந்தக் குழாய் தோலுக்கு அடியில் கை நீளத்துக்கு உழுது, கிருமி வளர வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டுப் போகிறது. இரண்டும் ஒன்றில்லை. திறந்த புண்ணில் எந்தப் பொடியும் போடக் கூடாது. "ஆனால் உங்கள் சாம்பல் செய்த பெரிய கெடுதல் வேறு" என்றார். "அது நிறத்தை மறைத்துவிட்டது. தோல் கறுப்பதை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு நாள் முன்னால் வந்திருப்பீர்கள்."

மச்சான் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து நான் வீடு திரும்பும் வரைக்கும், லாரி எங்கே போனாலும், மாலையில் வந்து என் காலைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டுப் போனார். அரசாங்க மருத்துவமனை என்பதால் கட்டணம் எங்களை முழுங்கவில்லை. வீட்டை முழுங்கியது வேறு: அம்மா வேலைக்குப் போகவில்லை, அக்கா பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அக்கா ஒரு நாள் கட்டிலருகே உட்கார்ந்து கைப்பேசியில் தேடினாள். இந்த நாட்டில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றம் ஒன்று இருக்கிறது. நிபுணர்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அந்த வெள்ளை அங்கிக்காரரின் பெயர் இரண்டிலும் இல்லை. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோன தேடல் அது. அவள் என்னைத் திட்டவில்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு அணைத்தாள்.

தோல் ஒட்ட வந்த ஒட்டறுவை மருத்துவரிடம், நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே சொன்னார். டாக்டர் என்ற பட்டம் போதாது, பல்மருத்துவரும் டாக்டர்தான், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவரும் டாக்டர்தான். எந்தத் துறையில் நிபுணராகப் பதிந்திருக்கிறார் என்று பார். அந்த இடத்துக்கு அறுவை செய்ய உரிமம் இருக்கிறதா என்று கேள். மயக்கமருந்தை யார் கவனிப்பார், மூச்சு நின்றால் என்ன வைத்திருக்கிறார்கள், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேள். "இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவர் உன்னைத் தொடக் கூடாது" என்றார். நல்ல கையிலும் இந்தச் சிகிச்சையில் ஆபத்து உண்டு: ரத்தம் கட்டும், கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் ஏறி நுரையீரலை அடைக்கும், நீர் கோக்கும். தெரியாத கையில் குழாயின் நுனி நுரையீரலையே குத்தும், வயிற்றில் என்றால் குடலை. "நல்ல மருத்துவர் உன்னிடம் ஆபத்தைத்தான் முதலில் சொல்வார். எளிது என்று தொடங்குகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடு."

என் நரைத்தலை நிபுணர் நினைவுக்கு வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு புகார் கொடுத்தோம். அதிகாரிகள் போனபோது அந்த மாடியில் சோபாவின் கால் பதிந்த தடங்கள் தரைவிரிப்பில் இருந்தனவாம், சோபா இல்லை. சுவரில் ஆணிகள் மட்டும்.

அடுத்த தைப்பூசத்துக்கு நான் போனேன். ஒட்டிய தோலில் கொக்கி கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பால்குடம் எடுத்தாலும் வேண்டுதல் தீரும் என்று கோவிலில் சொன்னார்கள். விடிவதற்கு முன் ஆற்றங்கரையில் குளித்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு நின்றேன். சட்டையில்லாமல், அத்தனை பேருக்கு நடுவில். ரவி மச்சான் என் பக்கத்தில் நின்றாரே தவிர என்னைத் தொடவில்லை. அம்மாதான் திருநீற்றுத் தட்டோடு வந்தார். என் இடது மார்பு முழுக்க, விலா வரைக்கும், இடைவெளி இல்லாமல் தடவினார். ஆறிய தோல்தான், கெடுதல் ஒன்றும் இல்லை.

"கண்ணு பட்டுரும்யா. யாரும் பாக்க வேணாம்" என்றார்.

நடந்தேன். மோர் பந்தலைத் தாண்டி, மேளத்துக்குப் பின்னால், கல்லுமலை தெரியும் இடத்தில் கூட்டம் நின்றது. ஓர் இளைஞன் என் வலது பக்கமாக ஒதுங்கி வந்தான். மஞ்சள் சட்டை, அதுவும் தொளதொளவென்று. தோள் முன்னுக்குச் சுருண்டிருந்தது. தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்திருந்தான். எனக்கு அவனை அடையாளம் தெரிந்தது, பெயரைத் தவிர.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க." குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் ஒங்கள மாதிரிதான். கக்கத்துக்குக் கீழ அந்தக் குட்டித் தழும்பு பாத்தேன். நல்லா தட்டையா வந்திருக்கு. எங்க செஞ்சீங்க?"

அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் வலது மார்பை.

"நீங்க எங்க போறதா இருக்கீங்க?" என்றேன்.

"தெலுக் இந்தான்ல புதுசா தொறந்திருக்காங்க. வெள்ளிக்கிழமைக்கு நேரம் குடுத்திருக்காரு டாக்டர். மதியம் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாமாம். சின்னச் சின்ன ஓட்டைதானாம், காவடிக்குக் குத்துறத விட."

மேளம் மறுபடி எழுந்தது. முன்னால் இருந்தவர்கள் நகரத் தொடங்கினார்கள். அம்மா பின்னாலிருந்து, "நடய்யா, நிக்காத" என்றார். ரவி மச்சான் எதையோ உணர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

நான் நகரவில்லை. தலைமேல் இருந்த குடத்தை வலது கையால் பிடித்துக்கொண்டேன். இடது உள்ளங்கையை மார்பின் மேல் வைத்து, அம்மா தடவிய திருநீற்றை மேலிருந்து கீழாக, வியர்வையோடு சேர்த்து, விலா வரைக்கும் துடைத்தேன். பிறகு அவன் பக்கம் முழுசாகத் திரும்பி நின்றேன்.